விற்கப்போற வீட்டுக்கும் காவல் வேணும்

முருகன் துணை.

வீடு விற்கும்போது நம்ம ஆளுங்க சோபா, பிரிட்ஜ் எல்லாத்தையும் புது வீட்டுக்கு ஏத்திடுறோம். சாமி ரூமை மட்டும் நல்ல நாள் பார்த்து எடுக்கலாம்னு அப்படியே விட்டுடுறோம். ஆளில்லாத வீட்டுல குத்துவிளக்கு, வெள்ளி வேல், அம்மன் பொட்டு எல்லாம் இருக்கு. விளம்பரப் படத்துலயும் அதுங்க பளபளன்னு தெரியுது. வீடு வாங்க வர்றவன் மட்டுமா அதைப் பார்க்கிறான்?

என் கருத்து இதுதான். நல்ல நாளை விளம்பரம் போடுறதுக்கு முன்னாடியே பாருங்க. சாமி சாமான்தான் முதல்ல போகணும். சாமி கோவிச்சுக்காது.

அடுத்தது சாவி. கோயில் உண்டியல் சாவியைக் கண்டவங்க கையில கொடுக்குறோமா? வீட்டுச் சாவியை மட்டும் ஏன் நாலு ஏஜெண்டுக்குக் கொடுக்கணும்? ஒருத்தர் போதும். அவருக்கு எல்.பி.பி.இ.எச். பதிவு எண் இருக்கான்னு கேட்டு, அந்த வாரியத்தோட இணையப் பக்கத்துல சரிபாருங்க. பூச்சட்டிக்கு அடியில சாவி வைக்கவே வேணாம்.

புல் வளர்ந்து, கேட்டுல பில்லு குவிஞ்சா திருடனுக்கு அதுவே அழைப்பு. செப்பு வயரை உருவிட்டுப் போனா, ரிப்பேர் செலவை வாங்குறவர் விலையிலதான் கழிப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் மலாய்க்காரரோ சீனரோ, போன் நம்பரைக் கொடுத்துச் சொல்லிட்டு வாங்க. எந்தப் பூட்டையும் விட அவர் கண்ணு பெரிய காவல். வருசா வருசம் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்த உறவாச்சே!

அப்பா அம்மா பால் மரம் சீவிச் சேர்த்த வீடுங்க இது. வாங்குறவர்கிட்ட வீட்டை ஒப்படைக்கிற நாள் வரைக்கும் அது நம்ம பொறுப்பு.

அன்புடன்,
ஓர் ஆலயத் தொண்டன்