ஆடு திருடியவர் யார்?

"ஆடு திருடுகிறார்கள்" என்பது நம் பங்குப் பேரவைகளில் அடிக்கடி எழும் முறையீடு. பிற சபையினர் நம் குடும்பங்களைக் கவர்ந்து செல்கின்றனராம். நாமும் பல்லாண்டுகள் இதைத் தலையசைத்துக் கேட்டிருந்தோம். இன்று கேட்க மனம் ஒப்பவில்லை. திருடப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஆடு, நம் பட்டியில் ஒருநாளாவது பெயர் சொல்லி அழைக்கப்பட்டதா?

வேலை மாற்றத்தால் ஒரு குடும்பம் நம் பங்கில் குடியேறுகிறது எனக் கொள்வோம். ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே நிற்கின்றனர். சமாதானம் பகிரும் வேளையில் முன்னிருப்பவர் திரும்பிக் கைகூப்புகிறார்; முகத்தைப் பார்ப்பதில்லை. திருப்பலி முடிந்ததும் பழகியவர்கள் பழகியவர்களோடு வட்டமிட்டுப் பேசுகின்றனர். பங்கு அலுவலகத்திலோ, முந்தைய பங்கின் கடிதம் எங்கே, சந்தா எப்போது என்று இரண்டு கேள்விகள். அன்பியக் கூட்டத்தில் மூன்றாவது கேள்வி: "சொந்த ஊர் எது?" ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பர். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அடுத்த கூட்டம் அவர்கள் வீட்டில் நடக்குமா இல்லையா என்பது அந்த விடையைப் பொறுத்தது!

"கோயிலுக்கு வருவது கடவுளைக் காண, மனிதரைக் காண அன்று" என வாதிடுவோர் உளர். பக்தியின் குரல் போல் ஒலிக்கும் இவ்வாதத்தில் பக்தி இல்லை. பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், அழுக்குடை அணிந்த ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் தரும் சபையை யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துகொள்கிறார். பிறருக்காகக் காத்திராமல் உண்ட கொரிந்தியரிடம், நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அன்று எனப் பவுலடியார் இடித்துரைக்கிறார். அருகில் நிற்பவரை அறிய விரும்பாதவர் எந்தப் பந்தியில் அமர்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

"புதியவரைச் சந்திப்பது பங்குத்தந்தையின் வேலை" என்பது அடுத்த வாதம். மனம் மாறிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர் அனைவரும் அஞ்சி ஒதுங்கினர். அவரைத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்றவர் பர்னபா. அவர் பன்னிருவருள் ஒருவர் அல்லர். திருமுழுக்குக்கு ஆயத்தமாவோரைப் பேணுவது குருக்கள், வேதியர்களின் கடமை மட்டுமன்று, நம்பிக்கையாளர் சமூகம் முழுவதன் கடமை என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் தன் நற்செய்திப்பணி ஆணையில் தெளிவாக்கியது. திருமுழுக்குப் பெற்றே வருவோர்க்கு மட்டும் அது பொருந்தாதா?

"வரவேற்புக் குழு அமைத்துள்ளோமே" என்பர் இன்னும் சிலர். சந்தனமும் கற்கண்டும் திருவிழாவுக்கு அழகுதான். ஆனால் வரவேற்பு வாசலோடு முடிந்துவிடுகிறது. நட்போ வீட்டுக்குள் வருகிறது, காய்ச்சலில் கஞ்சி கொண்டுவருகிறது, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கு உடன் நடக்கிறது. திருப்பூரிலும் ஒரகடத்திலும் உழைக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா கத்தோலிக்க இளைஞர்க்கு நம் பாடல்கள் புரியா. தோளில் விழும் கையின் பொருள் புரியும்.

புனித தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். புதிதாக வந்த அவரே, சாதி பாராமல் எல்லாரோடும் பழகி நமக்கு வழிகாட்டினார். பின்னாளில் அதே ஊர் ஆலயத்தில், சாதிவாரியாக மக்களைப் பிரிக்கும் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. 2022-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் வாணவேடிக்கை நிகழ்த்தினோம். கல்லால் ஆன சுவர் போயிற்று, "சொந்த ஊர் எது?" என்னும் சுவர் இன்னும் நிற்கிறது.

நாமும் குற்றவாளியே. முன்பு பணியாற்றிய பங்கொன்றில், மகன் வீட்டுக்கு வந்து தங்கிய மூதாட்டி ஒருவர் காலைத் திருப்பலிக்குத் தவறாமல் வருவார். 11 மாதங்கள் அவருக்கு நற்கருணை வழங்கினோம். "கிறிஸ்துவின் உடல்" என்றோம், "ஆமென்" என்றார். அவரது அடக்கத் திருப்பலியன்று அவர் பெயரைத் துண்டுச் சீட்டைப் பார்த்து வாசித்தோம். அன்று பீடத்தில் நின்ற கூச்சம் இன்றும் நீங்கவில்லை.

எனவே அன்பர்களே, பேரவையில் புதிய தீர்மானம் எதுவும் வேண்டாம். வரும் ஞாயிறன்று நீங்கள் அறியாத ஒரு குடும்பத்தின் முன் நில்லுங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளாதீர்கள். அடுத்த வாரம் அப்பெயரை மறவாமல் சொல்லி அழையுங்கள். ஒருநாள் அவர்களை உங்கள் வீட்டில் உண்ண வையுங்கள். மற்றொரு நாள் அவர்கள் வீட்டில் நீங்கள் உண்ணுங்கள். வாசகம் படிக்கவும் பாடகர் குழுவில் சேரவும் அவர்களுக்கு இடம் விடுங்கள்.

நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பெயர் அறியாத ஆடு காணாமற்போனதையே நாம் உணர்வதில்லை. பிறகு யாரைத் திருடர் என்கிறோம்?