சூட்டைப் பார்க்கும் கேமரா: சங்கம் ஒன்று வாங்க வேண்டும்

கடைகளில் தீப்பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் ‘மின்கசிவு காரணமாக இருக்கலாம்’ என்று ஒரு வரி வரும். அதோடு விஷயம் முடிந்துவிடும். உண்மையில் நாம் மின்கசிவு என்று சொல்வது பல சமயங்களில் கசிவே அல்ல. மெயின் போர்டில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கும். ஒயர் முழுமையாகப் பதியாமல் ஒரு ஓரமாக மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் சூடு ஏறும். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, திருகாணி மேலும் தளரும். இப்படியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடந்து ஒருநாள் மேலுறை உருகும். அருகில் தீப்பெட்டிப் பண்டல், கற்பூரம், எண்ணெய் டின், சாக்கு என்று நம் சரக்கு எல்லாம் தயாராக இருக்கிறது.

“எம்.சி.பி. போட்டிருக்கிறேன், அது விழுந்துவிடும்” என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். வணிக அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எம்.சி.பி.யும் பியூஸும் மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால்தான் துண்டிக்கும். தளர்ந்த இணைப்பில் ஓடும் மின்சாரம் வழக்கமான அளவுதான். சூடு மட்டுமே அதிகம். ஆகவே அது விழாது.

கண்ணுக்குத் தெரியாத இந்தச் சூட்டைக் காட்டும் கருவிதான் தெர்மல் கேமரா. எல்லாப் பொருள்களும் தம் சூட்டுக்குத் தக்கபடி ஒருவகைக் கதிரை வெளியிடுகின்றன. 1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர், சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் நிறமே இல்லாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். அங்கேதான் சூடு அதிகமாகக் காட்டியது. அந்தக் கதிரைப் படமாக்கிக் காட்டுவதே இக்கேமராவின் வேலை.

இது நமக்குப் புதிதும் அல்ல. புயல் காலத்தில் இரவு நேரத்து மேகப் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, வெளிச்சமில்லாத இரவில் அதை எப்படி எடுத்தார்கள்? இன்சாட் செயற்கைக்கோள் மேகத்தின் சூட்டையும் குளிர்ச்சியையும் படம் பிடித்து அனுப்பியதுதான் அது. 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது, சிங்கப்பூரில் இராணுவத் தேவைக்கான வெப்பக் கேமராவை மாற்றியமைத்து, விமான நிலையத்தில் காய்ச்சலோடு வருகிறவர்களைக் கண்டுபிடிக்க உபயோகித்தார்கள். 2021 நவம்பரில் கோவை மதுக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் அதே மதுக்கரையில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் நிறுத்தி, வெப்பக் கேமராக்களும் பொருத்தினார்கள். இருட்டில் யானை வருவது தெரிந்து முன்கூட்டியே எச்சரிக்கை போகிறது. புகை மூட்டத்துக்குள் மயங்கிக் கிடப்பவரைத் தீயணைப்பு வீரர் கண்டுபிடிக்கவும், பசுவின் மடிநோயை ஆரம்பத்தில் அறியவும், சோலார் பலகையில் பழுதான கட்டத்தைக் காணவும் இது உதவுகிறது. யானைக்கும் பசுவுக்கும் உதவுகிற பொருள் மளிகைக் கடைக்கு உதவாதா?

கொரோனா காலத்தில் வாசலில் நின்று வாடிக்கையாளர் நெற்றியில் காட்டினோமே, அந்தத் துப்பாக்கி இன்றும் பல கடைகளில் கல்லாப் பெட்டிக்குக் கீழே கிடக்கும். அதை எடுத்து போர்டில் காட்டிப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பயன் இல்லை. அது உடம்புச் சூட்டுக்காகச் செய்தது. அந்தச் சிறிய எல்லையைத் தாண்டினால் ஒழுங்காக அளக்காது. அதுவும் ஒரே ஒரு புள்ளியைத்தான் அளக்கும்.

நம் பகுதிக்கு இது அவசியம் என்று நான் சொல்லக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. நனைந்த போர்டைத் துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் மெயினைப் போட்ட கடைகள் உண்டு. வெளியே காய்ந்துவிடும். உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் யாருக்குத் தெரியும்? போதாததற்குக் கடற்காற்றின் உப்பு வேறு.

சோதிப்பதில் சில நுணுக்கங்கள் உள்ளன. கடை மூடியிருக்கும்போது படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. மாலை ஏழு மணிக்கு டீப் ப்ரீசர், விளக்கு, மின்விசிறி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும். மூன்று பேஸ் இருந்தால் மூன்றையும் ஒப்பிட வேண்டும். ஒரே அளவு லோடு ஓடும் இரண்டு இணைப்புகளில் ஒன்று மற்றதைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அதை உடனே சரிசெய்தாக வேண்டும். பளபளப்பான செம்பு, கண்ணாடி போலப் பிற பொருளின் சூட்டைப் பிரதிபலித்து ஏமாற்றும். ஆகவே உரிமம் பெற்ற வயர்மேன்தான் போர்டைத் திறந்து பார்க்க வேண்டும். கடைப் பையன் கையில் கொடுக்கிற வேலை அல்ல. அதே நேரத்தில் ப்ரீசர் கதவையும் ஒரு படம் எடுத்துவிடலாம். கேஸ்கட் எங்கே குளிரை விடுகிறது என்று தெரியும். கரண்ட் பில்லில் அது லாபம்.

இதை மந்திரக் கண்ணாடி என்று விற்க வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இக்கேமரா சுவரையும் கண்ணாடியையும் ஊடுருவிப் பார்க்காது; மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். அரிசி அட்டியின் நடுவில் ஈரம் பட்டோ வண்டு பெருகியோ சூடு ஏறினால் வெளிமூட்டையில் அது தெரிய நாளாகும். அதற்கு இன்றும் குத்தூசி போட்டு அரிசியைக் கையில் எடுத்துப் பார்ப்பதே வழி.

விலை விஷயம். கைபேசியில் செருகும் சிறிய வகை சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரிய ஆலைகளுக்கானவை லட்சங்களில். தனித்தனியாக வாங்குவது வீண். வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூனுக்கும் சேர்த்துச் சங்கம் ஒன்று வாங்கட்டும். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒரு முறை, வெயில் ஏறும் சித்திரையில் ஒரு முறை, கடை கடையாகப் போகட்டும். வயர்மேன் கூலியை அந்தந்தக் கடைக்காரர் கொடுக்கட்டும்.

வெளியே சொல்லாத ஒரு தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அனுமதி பெற்ற லோடைவிட அதிகமாக ஓட்டுகிறோமே, போர்டைத் திறந்தால் விஷயம் மின்துறைக்குப் போய்விடுமோ என்பது. ஆகவே எடுத்த படம் கடைக்காரரிடம் மட்டுமே இருக்க வேண்டும், சங்கத்தில் நகல் வைக்கக்கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். லோடை முறைப்படி உயர்த்திக்கொள்வது அவரவர் பொறுப்பு.

வரும் செயற்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கினால், முதலில் என் குடோன் போர்டைத் திறந்து காட்டுகிறேன்.