மைதானம் கிடைத்தது... நாற்காலி?

1,707 வெற்றி. 555 தோல்வி. 5 டிரா.

2022 ஆகஸ்டில் கேரல் ஹட்சின்ஸ் ஓய்வு பெற்றபோது, அமெரிக்க விளையாட்டுப் பக்கங்கள் இந்தக் கணக்கைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடின. என்னைப்போல் பி.காம் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வரவுப் பக்கம் ரொம்பப் பளபளப்பாக இருந்தால், எதிர்ப் பக்கத்தில் எதை எழுதாமல் விட்டார்கள் என்று தேடுவான். தேடினேன்.

முதலில், யார் இந்தக் கேரல்? மிஷிகன் பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர். 1985 முதல் 38 சீசன், ஒரே அணி. சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலுக்குத் தங்கச்சி. பந்து கொஞ்சம் பெரிசு, மைதானம் சிறிசு, பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் இது பெண்களின் ஆட்டம். கலிபோர்னியா, அரிசோனா என்று வெயில் ஊர்களே பட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது, பனி கொட்டும் மிஷிகனை 2005-ல் தேசிய சாம்பியன் ஆக்கியவர் இந்த அம்மா. மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே அந்தப் பட்டம் போனது அதுதான் முதல் தடவை.

சரி, இதெல்லாம் வரவுப் பக்கம். அதற்கு முந்தைய பக்கத்தைப் புரட்டுங்கள்.

1979. கேரல் அப்போது மிஷிகன் ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தில் மாணவி. பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுகிறார். அதே வளாகத்தின் ஆண்கள் அணியில் மேஜிக் ஜான்சன். அந்த ஆண்டு தேசிய சாம்பியன் அவர்கள்தான். ஊரே அவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. பெண்கள் அணிக்கு? சாப்பாட்டுப் படி, பயணம், தங்கும் இடம் என எல்லாவற்றிலும் குறைச்சல். மற்றவர்களாக இருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள். கேரலும் தோழிகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். தான் படிக்கும் கல்லூரி மீதே வழக்கு! கையில் இருந்த ஆயுதம், 1972-ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

என் கணக்கில் அவருடைய முதல் வெற்றி அதுதான். 1,707-ல் அது சேரவில்லை.

இப்போது செலவுப் பக்கம். டைட்டில் நைன் வருவதற்கு முன், கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். 2014-ல் அது எவ்வளவு தெரியுமா? 43. பாதிகூட இல்லை!

என்ன நடந்தது? ரொம்ப சிம்பிள். முன்பு அது சம்பளமே இல்லாத, அல்லது சில்லறைச் சம்பள வேலை. உடற்பயிற்சி டீச்சரம்மா சாயந்திரம் விசில் ஊதுவார், அவ்வளவுதான். சட்டம் வந்தது. கூடவே ஸ்காலர்ஷிப் வந்தது, பட்ஜெட் வந்தது, சம்பளம் வந்தது. சம்பளம் வந்ததும் ஆண்களும் வந்தார்கள். தனியாக இருந்த பெண்கள் விளையாட்டுத் துறைகளை ஆண்கள் துறையோடு இணைத்தார்கள். இணைத்த பிறகு டைரக்டர் நாற்காலி பெரும்பாலும் ஆணுக்கே. அவர் யாரைத் தேடுவார்? தனக்குத் தெரிந்தவரைத்தானே!

உடனே ஒரு குரல் வரும்: "திறமைதான் சார் முக்கியம். ஆணென்ன, பெண்ணென்ன?"

ஒப்புக்கொள்கிறேன். அரிசோனாவின் மைக் கேண்ட்ரியா ஆண்தான். 8 தேசியப் பட்டம், 2004 ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்கும் அவரே பயிற்சியாளர். சும்மா சொல்லக் கூடாது, அசல் மேதை. ஓக்லஹோமாவின் பேட்டி காஸோ பெண். 2024-ல் அவரும் 8-ஐத் தொட்டுவிட்டார். ஆக, திறமைக்கு ஆண், பெண் பேதம் இல்லை. ரொம்ப சந்தோஷம்.

அப்படியானால் ஆண்கள் அணிகளுக்கு எத்தனை பெண் பயிற்சியாளர்கள்? அதே 2014 கணக்கில் நூற்றுக்கு நான்குகூட இல்லை. திறமை என்ன ஒருவழிப் பாதையா? ஆணுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும், பெண்ணுக்குத் திறந்திருந்த ஒரே கதவில் பாதியை மூடுவார்கள். இதற்குப் பேர் திறமை இல்லை ஐயா, வசதி.

கேரல் இதற்குப் பிரசங்கம் மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. தன்னிடம் ஆடிய போனி தால் என்ற பெண்ணை உதவிப் பயிற்சியாளராகப் பக்கத்திலேயே வைத்து, ஏறக்குறைய 30 ஆண்டு வளர்த்தார். தான் எழுந்தபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவரே.

ஆனால், ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கேரல் 38 வருஷம் நாற்காலியைக் காவல் காத்துக்கொண்டிருக்க முடியுமா? அவரை மேடையேற்றி மாலை போட்ட கல்லூரி நிர்வாகிகளை ஒன்றே ஒன்று கேட்கலாம். கைதட்டியதெல்லாம் இருக்கட்டும். உங்கள் கல்லூரியில் அடுத்த நாற்காலி காலியானபோது, நீங்கள் முதலில் போன் போட்டது யாருக்கு?