ஒரே நாள்ல ஊரை "முடிக்க" குழந்தை என்ன லக்கேஜா?

1/ லீவு விட்டாச்சு. "ஒரே நாளில் தஞ்சாவூர், 9 இடங்கள்" மாதிரி வீடியோக்களும் வரிசையா வர ஆரம்பிச்சாச்சு. கைக்குழந்தையையும் 3 வயசுப் பிள்ளையையும் வச்சுக்கிட்டு அதைப் பார்த்து பிளான் போடுறவங்களுக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன். முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

2/ கும்பகோணம் பக்கம் நான் வேலை பார்த்தப்போ நடந்தது. மே மாசம், சாயங்காலம் 4 மணி. 3 வயசுப் பெண் குழந்தை அப்பா தோள்ல துவண்டு கிடக்கு. நாக்கு வறண்டிருக்கு. அழுது, கண்ணீர் வரலை. உள்ளங்கால்ல ரெண்டு கொப்புளம். "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனா?" அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. காலைல பெரிய கோயிலுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி.

3/ அப்பா கேட்டது இன்னும் காதுல இருக்கு. "டிரிப்ஸ் ஏற எவ்ளோ நேரமாகும் டாக்டர்? கங்கைகொண்டசோழபுரம் மட்டும்தான் பாக்கி." அவர் கெட்டவர் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தவர்தான். ஆனா மண்டைக்குள்ள அந்த லிஸ்ட் ஓடிக்கிட்டே இருந்துச்சு. என் கோபம் அந்த லிஸ்ட் மேல.

4/ முதல்ல உடம்பைப் புரிஞ்சுக்குங்க. எடையோட ஒப்பிட்டா குழந்தையின் தோல்பரப்பு பெரியவங்களைவிட அதிகம். அதனால வெயில் சூட்டை வேகமா வாங்கும். வியர்த்துக் குளிர்ற திறனும் குறைவு. தாகம் எடுக்குதுன்னு சொல்லத் தெரியாது. விளையாட்டுல மறந்தும் போயிடும். "கேட்டா கொடுக்கலாம்"னு காத்திருக்காதீங்க. கால் மணிக்கு ஒருதரம் நீங்களா நாலு வாய் கொடுங்க. 6 மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்குத் தண்ணி வேண்டாம், தாய்ப்பால் மட்டும், அடிக்கடி.

5/ அடுத்து, கால். மதியம் 12 மணிக்குக் கோயில் கல்தளத்துல நீங்களே குதிச்சுக் குதிச்சுத்தானே ஓடுறீங்க? உங்க பாதத்தைவிட அந்தப் பாதத்தோட தோல் மெல்லிசு. வெயில் ஏறினதும் பருத்தி சாக்ஸ் போடுங்க, இல்லேன்னா தூக்கிக்குங்க. சன்னதி நடை மதியம் எப்படியும் சாத்திடுவாங்க. அப்புறம் எதுக்கு அந்த நேரத்துல?

6/ கார். "தூங்குறான், எழுப்ப வேணாம், 10 நிமிஷத்துல வந்துடலாம்"னு கண்ணாடியை ஏத்திட்டுப் போறது கொலைக்குச் சமம். வெயில்ல மூடின காருக்குள்ள 10 நிமிஷத்துலயே சுமார் 10 டிகிரி ஏறிடும். முன் சீட்ல மடில வச்சுக்கிட்டுப் போறதும் பாசம் இல்லை. விபத்துல உங்க கை தாங்காது. ஏர்பேக் விரியும்போது அடி குழந்தைக்குத்தான். 2019ல திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயசுக்குக் குறைஞ்சவங்களுக்கு பெல்ட் அல்லது குழந்தை இருக்கை கட்டாயம், மீறினா 1000 ரூபாய் அபராதம்.

7/ ஓ.ஆர்.எஸ். கடைல டப்பால தொங்குற இனிப்பு ஜூஸ் ஓ.ஆர்.எஸ் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலாவுல இல்லாத பானத்துக்கு அந்தப் பேரே வைக்கக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டிருக்கு. பேதி இருக்குற பிள்ளைக்கு அந்த அதிகச் சர்க்கரை இன்னும் பேதியைக் கூட்டும். மெடிக்கல் ஷாப்ல பாக்கெட் வாங்கி, அதுல போட்டிருக்கிற அளவு தண்ணில முழுசா கலக்குங்க. கிடைக்கலைன்னா 1 லிட்டர் சுத்தமான தண்ணிக்கு தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

8/ இந்த லிஸ்ட்டால அடி வாங்குற இன்னொருத்தர் அம்மா. நல்ல கழிப்பறை கிடைக்காதுன்னு காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம வர்றாங்க. பால் கொடுக்குற தாயும் அதையேதான் செய்றாங்க. ரெண்டு நாள் கழிச்சு நீர்க்கடுப்புன்னு எங்ககிட்ட வருவாங்க. போட்டோ எடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது.

9/ "எங்க காலத்துல பஸ் கூரை மேலகூட போனோம், ஒண்ணும் ஆகலை." ஆகாதவங்க மட்டும்தான் இன்னிக்கு உக்காந்து இதைச் சொல்லிக்கிட்டு இருக்கோம். ஆனவங்க கமென்ட் போட வர மாட்டாங்க.

10/ "டாக்டர், உங்களுக்கு என்ன, எங்களுக்கு வருஷத்துல ஒரு நாள்தான் லீவு. வேன் வாடகை கொடுத்து மறுபடி வர முடியுமா?" இது நியாயமான கேள்வி. இதைக் கேக்குறவங்க மேல எனக்குக் கோபமே இல்லை. ஆனா அந்த ஒரு நாள்ல 6 மணி நேரம் வேன்லயும் ஒரு மணி நேரம் செருப்பு விடுற இடத்துலயும் போறதுக்கா அந்தக் காசு? 9 இடத்தைத் தொட்டுட்டு வர்றதைவிட 2 இடத்தைப் பார்த்துட்டு வாங்க. டீசலும் மிச்சம்.

11/ தஞ்சாவூரையே எடுத்துக்குவோம். காலைல 7 மணிக்கு முன்னாடி பெரிய கோயில். ராஜராஜன் 1010ல முடிச்சது, விமானம் 216 அடின்னு உங்களுக்குத் தெரியணும். பிள்ளைக்கு நந்திதான் கோயில். அணிலும் கிளியும்தான் கோயில். திருச்சுற்று மாளிகை நிழல்ல அரை மணி நேரம் சும்மா ஓட விடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பிடுங்க.

12/ மதியம் தயிர்சாதம், தூக்கம். சொந்தக்காரங்க வீடோ, சின்ன லாட்ஜ் ரூமோ, நல்ல மர நிழலோ, எது முடியுமோ அது. வெயில் இறங்கினதும் அரண்மனை. அங்க ஒரு திமிங்கலத்தோட எலும்புக்கூடு இருக்கு, உங்க பிள்ளை அதை ஜென்மத்துக்கும் மறக்காது. திரும்பும்போது ஒரு தலையாட்டி பொம்மை. நாள் முடிஞ்சது. தாராசுரமும் கங்கைகொண்டசோழபுரமும் சோழன் காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கு, அடுத்த வருஷமும் இருக்கும்.

13/ அரசாங்கத்துக்கும் சொல்றேன். சுற்றுலா ஊர்னு போர்டு வச்சா போதாது. கல்தளத்துல பாய், குடிக்கத் தண்ணி, தண்ணி வர்ற கழிப்பறை, நிழல் வேணும். 2015ல பேருந்து நிலையங்கள்ல தாய்மார் பாலூட்டும் அறை திறந்தாங்க. நல்ல திட்டம். அது பூட்டிக் கிடந்தா வெட்கப்படாம சாவி கேளுங்க. அது உங்க அறை.

14/ இதெல்லாம் பேசுற நானும் யோக்கியன் இல்லை. என் பையனுக்கு 4 வயசு இருக்கும்போது மாமல்லபுரத்துல "இன்னும் ஒண்ணே ஒண்ணுடா கண்ணா"ன்னு மதியம் ஒரு மணிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். கடற்கரைக் கோயில் வாசல்லயே வாந்தி எடுத்தான். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. நான் குழந்தைங்களுக்கு வைத்தியம் பார்க்குறவன்.

15/ இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்குங்க. 6 மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை, அழுதா கண்ணீர் இல்லை, கொடுக்குறதெல்லாம் வாந்தி, உடம்பு கொதிக்குது, கூப்பிட்டா சரியா பார்க்கலை. இதுல ஒண்ணு இருந்தாலும் டூர் அங்கேயே முடிஞ்சது. நேரா ஆஸ்பத்திரி, வண்டி இல்லைன்னா 108.

16/ அந்தப் பெண் குழந்தை மறுநாள் காலைல எழுந்து இட்லி கேட்டா. அவங்க அப்பா கங்கைகொண்டசோழபுரம் பத்திப் பேசவே இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வார்டு ஜன்னல்ல நின்னு, எதிர்ல மரத்துல இருந்த காக்காவை ரொம்ப நேரம் காட்டிக்கிட்டு இருந்தார்.