அப்பாவோட டவுன்ரவுனில ரெண்டு நாள்

ஸ்ரௌவ்வில்லில இருந்து டவுன்ரவுன் ஒரு மணித்தியால ஓட்டம்தான். ஆனா நாங்கள் எப்ப போறம்? ராப்ரர்ஸ் மட்ச், இல்லாட்டி ஊரில இருந்து ஆரும் வந்தா சிஎன் ரவர். போன மாதம் ஒரு சனி, ஞாயிறு சும்மா சுத்திப் பாப்பம் எண்டு வெளிக்கிட்டம். இவர், நான், பிள்ளையள் ரெண்டு பேர். கடைசி நேரத்தில அப்பாவும்.

காரை யூனியன்வில்லில விட்டிட்டு கோ ரெயின் எடுத்தம். ரெண்டு நாளுக்கும் சேர்த்து ஆளுக்கு 15 டொலர் பாஸ். 12 வயது வரைக்கும் பிள்ளையளுக்கு இலவசம். டவுன்ரவுன் பார்க்கிங் காசை நினைச்சா இது பெரிய லாபம்.

முதல்ல சென்ற் லோரன்ஸ் மார்க்கெற். 1803இல் தொடங்கின சந்தை; திங்கள் போகாதேங்கோ, பூட்டு. பீமீல் பேக்கன் சான்ட்விச்சை மகன் தனிய முடிச்சான். பிறகு நடந்து டிஸ்ரிலறி. 1832இல் தொடங்கின விஸ்கி ஆலையின்ர செங்கல் கட்டடங்களுக்குள்ள இப்ப சொக்கிலேற் விக்கினம். வடிவுதான், ஆனா கூட்டம்.

அங்கயிருந்து 65ஆம் இலக்க பஸ்ஸில பார்லிமென்ற் தெருவால மேல போனா சென்ற் ஜேம்ஸ் ரவுன். 1960களில் கட்டின மாடிகள். நாங்கள் வந்து இறங்கினது அங்கதான். ரெண்டு அறைக்குள்ள ஒன்பது பேர். பிள்ளையள் நம்பேல்ல.

ஞாயிறு கென்சிங்ரன் மார்க்கெற். யூதர், போர்த்துக்கேயர், கரிபியன்காரர் எண்டு ஒராள் பின்னால ஒராள் வந்து கடை போட்ட இடம். ஜமேய்க்கன் பற்றி ஒண்டைக் கடிச்சிட்டு அப்பா, "எங்கட பற்றிஸ்தான், கொஞ்சம் பெரிசு" எண்டார்.

பிறகு கிங் தெருவுக்கு நடந்தம். திடீரெண்டு அப்பா ஒரு ஒழுங்கைக்குள்ள திரும்பிட்டார். குப்பைப் பெட்டியள், ஒரு இரும்புக் கதவு. "இதுக்குள்ளதான் கோப்பை கழுவினனான்" எண்டார். 1990இலிருந்து பதினொரு வருசம்.

எனக்கு அந்தக் காலத்து அப்பா எண்டா பொரிச்ச எண்ணெய் மணத்தோட நித்திரை கொள்ளுற ஒராள். நான் பள்ளிக்கூடம் போகேக்க படுத்திருப்பார், வரேக்க வேலைக்குப் போயிருப்பார்.

"முன்பக்கம் எப்பிடி அப்பா?" எண்டு கேட்டன். "தெரியாது. நான் முன்னால போனதில்லை."

சுத்தி முன்னால போனம். இப்ப வேற பேரில ஒரு பார். சாப்பாடும் இருந்ததால பிள்ளையளையும் உள்ள விட்டினம். அப்பா ஜன்னல் பக்கம் இருக்க மாட்டன் எண்டிட்டார். இவர் பியர் எடுத்தார். நான் கொஞ்சம் யோசிச்சிட்டு ஒரு சீசர் சொன்னன். முப்பத்தெட்டு வயதில அப்பாக்கு முன்னால முதல் தரம்! 1969இல் கல்கரியில கண்டுபிடிச்ச எங்கட கனடியன் கொக்ரெயில். வொட்காவும், மட்டிச்சாறு கலந்த தக்காளிச் சாறும்.

அப்பா என்னைப் பார்க்கேல்ல, கிளாஸைத்தான் பார்த்தார். விளிம்பில ஒட்டியிருந்த உப்பை விரலால தொட்டார். "இது காய்ஞ்சா லேசில போகாது. சுடுதண்ணிக்குள்ள ஊற விடவேணும்."

மகள் கேட்டாள், "ஒரு நாளைக்கு எத்தினை கழுவுவீங்கள் தாத்தா?"

"எண்ணினா வேலை முடியாது அம்மா."

பில் வந்தது. ரிப் குசினிக்குப் போகுமோ எண்டு அப்பா பரிமாறின பிள்ளையிட்டக் கேட்டார். ஒரு பங்கு போகும் எண்டாள். தன்ர பேர்சில இருந்து இருபது டொலர் எடுத்து வைச்சிட்டு, வெளிக்கிடேக்க குசினிக் கதவை ஒருக்கா எட்டிப் பார்த்தார்.

ரெயினில வரேக்க சொன்னார்: "அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவம். அவளுக்கு அந்த உப்புக் கிளாஸைச் சொல்லிப்போடாத."