தீவு வலம்: கார் நிக்கோபார்

தமிழகத்திலிருந்து வரும் உறவினர், “கார் நிக்கோபாரையும் காட்டமாட்டீர்களா?” என்று கேட்பது வழக்கம். அவ்வாவல் இயல்பே. முதலாம் இராசேந்திர சோழரின் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் எனக் குறிக்கப்பெற்ற தீவுக்கூட்டமன்றோ அது!

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேருக்குத் தெற்கே, சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில், மலையின்றிப் பரந்து கிடக்கும் பவளத்தீவு இது. தென்னஞ்சோலைகள், வெண்மணற்கரை, தூண்கள்மேல் தேன்கூடு போன்று நிற்கும் வட்டக் குடில்கள் யாவும் கண்ணுக்கு விருந்து. ஆயினும், 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டவிதியின்படி, அனுமதிச்சீட்டின்றி வெளியார் அங்கே செல்லலாகாது. நிலம் வாங்கவும் இயலாது.

இதனைக் குறையெனக் கருதுவோர் 2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைத்தல் வேண்டும். ஆழிப்பேரலை மலாக்கா முதலிய கரையோர ஊர்களை வாரிச் சென்றது. உயிர் தப்பியோர் தீவின் உட்பகுதியில் மீண்டும் குடியமர்ந்தனர். ‘துஹெத்’ எனும் கூட்டுக்குடும்பங்களின் பொதுநிலம் அவர்களைத் தாங்கிற்று. அந்நிலம் விடுதிகளுக்கு விலைபோயிருப்பின் அவர்கள் எங்கே ஒதுங்கியிருப்பர்?

பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த நமக்குச் சொந்த மண்ணின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. பவளப்பாறை காண வண்டூர்க் கடற்பூங்காவும், அந்தியழகு காணச் சிடியா தாப்புவும் உள. விருந்தினரை அங்கே அழைத்துச் செல்வோம். கார் நிக்கோபார் பிறர் இல்லம். அழையாத வீட்டின் வாயிலை மதித்து நிற்பதும் தமிழர் பண்பே.