புதுக் கம்பெனி கரண்டு கார்: வாங்குமுன் 5 கேள்வி!

கரண்டு கார் வாங்கலாமா?

மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவரும் கேட்கிறார். ஆபீசில் பைல் பார்க்கும் குமாஸ்தாவும் கேட்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடை முதலாளியும் கேட்கிறார்.

முன்பெல்லாம் இதற்கு ஒரே பதில்தான். "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம் சார்!"

இப்போது அப்படி இல்லை. 2024-ல் நாடு முழுவதும் சுமார் 1 லட்சம் எலெக்ட்ரிக் கார்கள் விற்றன. மொத்தக் கார் விற்பனையில் அது 100-க்கு 2 அல்லது 3 என்ற கணக்குதான். ஆனாலும் பச்சை நம்பர் பிளேட் மாட்டிய கார், அண்ணா சாலையில் இன்று அதிசயம் இல்லை.

சந்தை பெருத்தால் புது வியாபாரி வருவான். வந்துவிட்டான். நேற்றுவரை பெயரே கேள்விப்படாத கம்பெனிகள் ஷோரூம் திறக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் கார் பளபளக்கிறது. "இன்னிக்கே புக் பண்ணுங்க சார், ஆபர் இந்த மாசம்தான்" என்று டை கட்டிய பையன் காபி கொடுக்கிறான்.

காபியைக் குடியுங்கள். கையெழுத்தை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள்!

லாபம் உண்டு

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். கரண்டு காரால் லாபம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் செலவு 6,600 ரூபாயைத் தாண்டும்.

அதே தூரத்துக்குக் கரண்டு கார்? ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர், வீட்டுக் கரண்டு யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 1,300 ரூபாய் சொச்சம். மாதம் 5,000 ரூபாய் மிச்சம்! வெளியில் சார்ஜ் போட்டால் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் ஆகும். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான். ஜி.எஸ்.டி. வரியும் 5 சதவீதம்தான்.

ஆகவே கரண்டு கார் நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே பேச்சு. காரை விற்கிற கம்பெனி நாளைக்கும் இருக்குமா என்பதுதான் பேச்சு.

ஏனென்றால் 15 லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் 7 வருஷத்துக்கு மாதத் தவணை 24 ஆயிரம் ரூபாய். மொத்தம் 84 தவணை. நாம் 84 மாதம் பணம் கட்டுவோம். அந்த 84 மாதமும் கம்பெனி கடை திறந்திருக்குமா?

இரண்டு கொரியாக்காரர்கள்

புதுக் கம்பெனி என்றாலே மோசம் என்று சொல்லிவிட முடியாது. பழைய கதை ஒன்று இருக்கிறது.

1990-களில் கொரியாவிலிருந்து இரண்டு கம்பெனிகள் இந்தியாவுக்குக் கார் விற்க வந்தன. ஒன்று டேவூ. இன்னொன்று ஹூண்டாய். இரண்டு பெயரும் நம் ஊருக்குப் புதிது.

டேவூ 'சியலோ' என்ற பெரிய காரோடு முதலில் வந்தது. பிறகு 'மாட்டிஸ்' என்ற சின்னக் காரும் விட்டது. ஹூண்டாய் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை போட்டு, 1998-ல் 'சான்ட்ரோ'வை இறக்கியது. "கூரை உசந்த இந்தக் காரை யார் வாங்குவா?" என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு.

என்ன நடந்தது? 1999-ல் டேவூ குழுமம் கொரியாவிலேயே கவிழ்ந்தது. சில வருஷத்தில் இங்கேயும் மூடுவிழா. ஹூண்டாய் இன்றும் நிற்கிறது.

1998-ல் ஷோரூமில் நின்ற சாதாரண மனிதருக்கு, இரண்டில் எது நிலைக்கும் என்று தெரிந்திருக்குமா? ஜோசியருக்கே தெரிந்திருக்காது!

புதியவர்கள்தான் போவார்கள் என்பதும் இல்லை. வண்டலூர் பக்கம் கார் செய்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நம் ஊர்க் கம்பெனி. 'ஹெரால்ட்' கார் ஒரு காலத்தில் ராஜா. 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று புதுக் கார் விட்டது. 1988-ல் உற்பத்தியே நின்றது. உலகப் பெரும் கம்பெனியான போர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகர் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள்.

புதுப்பேட்டை வைத்தியம்

ஆனால் ஒன்று கவனியுங்கள். கம்பெனி போனபோது கார் சாகவில்லை.

ஹெரால்ட் வைத்திருந்தவர் என்ன செய்தார்? தெரு மெக்கானிக்கிடம் போனார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பார்ட்ஸ் தேடினார். அங்கே இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது புதுப்பேட்டை! காலையில் முழு வண்டியாக உள்ளே போனது சாயங்காலம் கதவு தனி, கியர்பாக்ஸ் தனி என்று தொங்கும் இடம். வேறு வண்டியின் பாகத்தை ராவி, கடைசல் பிடித்துப் பொருத்தி விடுவார்கள். போர்டு கம்பெனி சர்வீசும் பார்ட்சும் தொடர்ந்து தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியது. அதன் கார்கள் இன்றும் ஓடுகின்றன.

கரண்டு காருக்கு இந்த வைத்தியம் நடக்குமா?

அதன் உயிர் பேட்டரி. காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்கே. பல நூறு வோல்ட் ஓடும் சமாச்சாரம். பயிற்சி இல்லாதவன் ஸ்பேனரை வைத்தால் ஆளே போய்விடுவான். பேட்டரியை ஆட்டி வைப்பது கம்ப்யூட்டர் புரோகிராம். அந்தப் புரோகிராமின் சாவி கம்பெனி கையில். புதுப்பேட்டை பாய் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பூட்டிய புரோகிராமைக் கடைசல் பிடிக்க முடியுமா?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். பிஸ்கர் என்ற புது எலெக்ட்ரிக் கார் கம்பெனி 2024 ஜூனில் திவால் மனு போட்டது. மீதியிருந்த கார்களை மொத்தமாக வாங்க இன்னொரு கம்பெனி வந்தது. 3,000-க்கு மேல் கார்கள். பாதி வழியில் ஒரு சிக்கல்: காரோடு பேசும் தகவலெல்லாம் பிஸ்கரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுவது நடக்காது என்றார்கள்! வியாபாரமே கோர்ட்டு வரை இழுத்தது. மொத்த வியாபாரிக்கே இந்தக் கதி. ஒற்றைக் கார் வாங்கியவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

பெட்ரோல் கார் வாங்கினால் வண்டியை வாங்குகிறோம். புதுக் கம்பெனியின் கரண்டு கார் வாங்கினால், அந்தக் கம்பெனியின் ஆயுளையும் சேர்த்து வாங்குகிறோம். வித்தியாசம் இதுதான்.

தூத்துக்குடி கார்

"அப்போ நம்ம தூத்துக்குடி கார்?" என்று கேட்பீர்கள்.

வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனி தூத்துக்குடி சிப்காட்டில் சுமார் 400 ஏக்கரில் தொழிற்சாலை போட்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல். 2025 ஆகஸ்டு 4-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். ஒன்றரை வருஷத்தில் ஆலை எழுந்தது பெரிய காரியம். முதல் கட்டத்தில் வருஷம் 50 ஆயிரம் கார் செய்யும் வசதி. 2025 செப்டம்பரில் வந்த வி.எப்.6 காரின் ஆரம்ப விலை 16 லட்சத்து 49 ஆயிரம்.

தென்கோடியில் வேலை கிடைக்கிறது. நம் பிள்ளைகள் காக்கிச் சட்டை போட்டு உள்ளே போகிறார்கள். அந்த ஆலை செழிக்க வேண்டும். அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

ஆனால் வாங்குகிறவர் கணக்கையும் பார்க்க வேண்டுமே! 2017-ல் பிறந்த கம்பெனி. 2024-ல் சுமார் 97 ஆயிரம் கார்களை விற்றது. அதே வருஷம் 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். முதலாளி தன் சொந்தப் பணத்தை ஊற்றுவதாக அறிவித்து நடத்துகிறார். வளரும் கம்பெனிக்கு நஷ்டம் சகஜம் என்பார்கள். இருக்கலாம். நாம் அதைத் திட்டவும் இல்லை, தூக்கவும் இல்லை. நம் மண்ணில் ஆலை இருப்பது ஒரு பலம். ஆனால் ஆலை மட்டுமே கியாரண்டி ஆகாது. மறைமலை நகரிலும் ஆலை இருந்தது!

கார் வாங்குவது மொய் எழுதுவது இல்லை. ஊர்ப் பாசத்துக்காக 84 தவணை கட்ட முடியாது.

5 கேள்வி

ரிச்சி தெருக் கடைக்காரரிடம் புது மிக்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். கமிஷன் எவ்வளவு என்று பிறகுதான் கேட்பார். "ஸ்பேர் கிடைக்குமா? சர்வீஸ் யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. ரெண்டாயிரம் ரூபாய் மிக்சிக்கு இருக்கிற விவரம் பதினாறு லட்ச ரூபாய் காருக்கு வேண்டாமா?

ஷோரூமில் இந்த 5 கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்று: ஒர்க்ஷாப் எங்கே? ஷோரூம் எத்தனை என்று பெருமையாகச் சொல்வார்கள். அதை விடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒர்க்ஷாப் சென்னையில் எத்தனை? ஊருக்குப் போகிற வழியில் திருச்சியில் உண்டா, மதுரையில் உண்டா?

இரண்டு: பேட்டரி வாரண்டி என்ன? 8 வருஷம், 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் என்பது பரவலாக உள்ள வழக்கம். வருஷத்தை மட்டும் கேட்டால் போதாது. எத்தனை சதவீதம் சக்தி குறைந்தால் மாற்றித் தருவார்கள்? 70-க்குக் கீழே போனாலா? காரை விற்றால் அடுத்தவருக்கும் வாரண்டி போகுமா?

மூன்று: பம்பர், ஹெட்லைட், முன் கண்ணாடி எத்தனை நாளில் வரும்? இங்கேயே இருப்பு உண்டா, கப்பலில் வர வேண்டுமா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஒர்க்ஷாப் வாசலில் வரிசை கட்டியதைப் பார்த்த ஊர் இது. ஊருக்கே ஒரு ஒர்க்ஷாப் என்றால் உங்கள் முறை எந்த மாதம்?

நான்கு: கம்பெனியின் கம்ப்யூட்டர் நின்றுபோனால் கார் நிற்குமா? செல்போன் ஆப் இல்லாமல் கதவு திறக்குமா, சார்ஜ் ஏறுமா?

ஐந்து: இந்த வாக்கையெல்லாம் தருவது யார்? டீலரா, கம்பெனியா? டீலர் என்றால் அவர் நாளைக்கு வேறு கார் விற்கப் போய்விடுவார். கம்பெனியின் பெயரில், முத்திரையோடு, காகிதத்தில் வேண்டும்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். காகிதத்தில் இருந்தால்தான் கேஸ் நிற்கும். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்டக் கமிஷனே போதும். அங்கேயும் முதலில் கேட்பது, "பேப்பர் இருக்கா?" என்றுதான்.

யார் வாங்கலாம்?

நம் கருத்து இது. வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறது, இது இரண்டாவது, நின்றாலும் பிழைப்பு கெடாது என்றால் தாராளமாக வாங்குங்கள். புதியவனுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். போட்டி இருந்தால்தான் பழைய கம்பெனிகளும் விலையை இறக்கும்.

ஒரே கார், அதுவும் கடனில், அதை நம்பித்தான் தொழில் என்றால் ஒரு வருஷம் பொறுங்கள். அதற்குள் 2 மழை, 1 அக்னி நட்சத்திரம் பார்த்துவிடும் அந்தக் கார். அடிபட்ட வண்டி எத்தனை நாளில் திரும்பி வந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பழைய கார் மார்க்கெட்டில் என்ன விலை போகிறது என்பதும் தெரிந்துவிடும். அதற்குள் 'ஆபர்' போய்விடுமே என்கிறீர்களா? அடுத்த ஆபர் வரும். எப்போது வராமல் இருந்தது?

அரசுக்கு ஒரு வார்த்தை

வாங்குகிறவர் மட்டும் விழிப்பாக இருந்தால் போதுமா? போதாது.

புதுக் கம்பெனிக்கு நிலம் கொடுக்கிறோம். சலுகை கொடுக்கிறோம். ஒப்பந்தம் போட்டு போட்டோ எடுக்கிறோம். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கக் கூடாதா? 'நாங்கள் விற்பனையை நிறுத்தினாலும் 10 வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் தருவோம். கம்பெனியை மூடினால் பேட்டரிப் புரோகிராமின் சாவியைப் பொது அமைப்பிடம் ஒப்படைப்போம்.' அவ்வளவுதான்!

அந்தச் சாவி கிடைத்தால் மீதியைப் புதுப்பேட்டை பார்த்துக்கொள்ளும். ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும்.

நிலைத்து நிற்க வந்த கம்பெனி இந்த இரண்டு வரிக்குப் பயப்படாது. பயப்படுகிற கம்பெனி எது என்று தெரிந்தால், அதுவே நமக்கு லாபம்!